நாற்பத்தொரு வெற்றுக் கட்டங்கள்

என் அருமைக் குப்பன் மாமாவுக்கு,

1984 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. காலை மணி எட்டரை. வெற்றுக் கட்டங்கள் நாற்பத்தொன்று. மூன்று தடவை எண்ணிவிட்டேன். குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

உன் மழைமானிக்குப் பக்கத்தில், நீ உட்காரும் அதே பாறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வள்ளி அத்தை அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ போன பிறகு அவள்தான் பார்க்கிறாள். இப்போது யார் பார்க்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. வாரம் தவறாமல் மழைத்தாள் கீழே வருகிறது, அவர்களுக்கு அது போதும்.

எனக்குக் கோபம், மாமா. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

துறையில் என் வேலை உனக்குத் தெரியும். பேராசிரியர்களுக்குக் கம்ப்யூட்டரில் கணக்கு திறந்து கொடுப்பது, ரகசியச் சொல்லை மறந்துவிட்டு வந்து நிற்கிறவருக்குப் புதுசு போட்டுக் கொடுப்பது, அவர்களுடைய புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பது. இந்தக் கணக்கு காசுக் கணக்கு இல்லை என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க அரை நாள் மூச்சைப் பிடித்துப் பேசினேன். கடைசியில் நீயே முடித்துவைத்தாய். "மெஷினுக்குள்ள ஆளுக்கொரு வூடு. அவங்கவங்க சாமான் அவங்கவங்க வூட்டுல. இதுக்கா இம்மாம் பேச்சு?" என்றாய். அதைவிடத் தெளிவாக எந்த மாணவனுக்கும் நான் சொன்னதில்லை.

உன் மழைக்கும் அங்கே ஒரு வீடு வேண்டியிருந்தது. நான்தான் விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். பெயர்: குப்பன். பதவி: மழை பார்ப்பவர். துறைத்தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படித்திருந்தால், சாமை விதைத்துப் புளி உலுக்குகிற தினக்கூலி ஆளுக்குக் கணக்கா என்று கிழித்துப் போட்டிருப்பார். அன்றிலிருந்து மலை மழையைப் பற்றி அச்சாகிற ஒவ்வொரு கட்டுக்கும் முதல் தாளில் உன் பெயர், கையகலம் கையகலமான எழுத்தில். கீழே வந்திருந்தபோது அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினாய். மடங்கக் கூடாதென்று குடைக்குள் சுருட்டி வைத்து, திருப்பத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாய். அது இன்னும் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது, மாமா. அடுப்புப் புகையில் பழுத்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலை மழையைப் பற்றி ஓர் அறிக்கை தயாராகிறது. ஒரு பேராசிரியர் உன் ஏழு வருஷப் பதிவையும் அடிவாரத்து ஒடுகத்தூர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒடுகத்தூரில் கொட்டித் தீர்த்த சில நாட்களில் உன் மலையில் பூஜ்யம். மறுநாள் திடீரென்று பெரிய அளவு. உடனே எழுதிவிட்டார்: "மலை நிலையத்தின் பார்வையாளர் பல நாட்கள் மழைமானியைப் பார்க்காமலே பூஜ்யம் என்று பதிந்திருக்கிறார். ஆகவே அவருடைய பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல." தட்டச்சாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை தலைவர் கையெழுத்து.

நீயா? பார்க்காமல் பூஜ்யம் போட்ட ஆளா நீ?

நான் முதல் தடவை மலைக்கு வந்த அன்று உன் நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அன்னிக்கி ஊர்ல சாவு. எடுக்கற வரிக்கும் எங்க ஊர்ல ஒருத்தரும் எல்லை தாண்ட மாட்டோம். மழைமானி எல்லைக்கு அந்தாண்ட கீது. நான் இன்னா பண்றது?" என்றாய். அப்படியானால் பூஜ்யம் போட்டுவிட வேண்டியதுதானே என்றேன். புத்தி கெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாய்.

"சைபருன்னா போய்ப் பாத்தேன், மழை இல்லன்னு அர்த்தம் மாப்ள. நான் போவவே இல்லியே."

மறுநாள் கட்டத்தில் அளவை எழுதி, பக்கத்தில் "ரெண்டு நாளுது" என்று குறித்திருந்தாய். அறிவியல் படித்த நான் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். அன்றைக்குத்தான் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு, "எனக்குப் பொண்ணு இல்ல, அதனால தைரியமா மாப்ளன்னு கூப்புடறேன்" என்றாய்.

அதெல்லாம் கேட்டுவிட்டு வந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தாள்களைப் படிக்கிற புரோகிராமை எழுதினேன். அந்த மெஷின் காலி இடத்தைப் பார்த்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர் அறைச் சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியதே நான்தான். இதைக் கவனிக்காத ஆராய்ச்சி மாணவர்களை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். உன் தாளுக்கு மட்டும், காலியா பூஜ்யமா என்று பார்க்கும் சோதனையைப் போடவில்லை. மறந்துவிட்டேன். எண் மட்டும் போதும் என்று "ரெண்டு நாளுது" என்ற குறிப்பையும் ஏற்றாமல் விட்டுவிட்டேன். அந்தப் பூஜ்யங்களை நீ போடவில்லை, மாமா. நான் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "மலைக்காரருக்காக மெஷினைக் குத்தம் சொல்றியாய்யா?" என்றார்.

மெஷின் இல்லை சார், நான் என்றேன். சிரிப்பு நின்றது. என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில்தான் இருக்கிறதாம். இந்த நேரத்தில் இதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டாமாம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, நல்லது சொல்கிறவர் மாதிரி கேட்டார்:

"செத்துப்போனவருக்கு இதனால என்னப்பா நஷ்டம்?"

அதே மூச்சில் இன்னும் இரண்டு உத்தரவு. இறந்தவர் பெயரில் கணக்கு இருக்கக் கூடாது, மூடிவிட்டு எல்லாவற்றையும் பேராசிரியர் பெயருக்கு மாற்று. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே, அறிக்கைக்காக மலையிலிருந்து வரவழைத்த பழைய நோட்டுகளைப் பேப்பர்காரரிடம் போடு.

நான் வெளியே வந்துவிட்டேன். சண்டை போட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சனியும் ஞாயிறும் வாயே திறக்கவில்லை. நிரந்தர வேலை என்றால் சந்தவாசலில் என் அப்பா தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறார். இதில் யாரைத் திட்டுவது?

திங்கட்கிழமை காலை பேப்பர்காரர் வராந்தாவில் தராசைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு தட்டில் படிக்கல். இன்னொரு தட்டில் உன் நோட்டு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. அத்தனையையும் பிடுங்கி இரண்டு அரிசிச் சாக்கில் கட்டி பஸ் ஏறினேன். ஒடுகத்தூரில் பஸ் மாறும்போது கண்டக்டர் மூட்டையில் இன்னா என்று கேட்டார். மழை என்றேன். மழைக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

வழியெல்லாம் மடியில் வைத்து எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பது கட்டங்கள் நாற்பது சாவு. ஊர்க்காரர்கள் யார் யாரோ. நாற்பத்தொன்றாவதுக்கு வந்ததும் என்னால் தாளைத் திருப்ப முடியவில்லை. இந்தப் பங்குனி. புளியங்கிளை முறிந்ததே, அந்த நாள். அன்றைக்கும் கட்டம் காலி. மறுநாள் கோடை மழை நாலு மில்லிமீட்டர், பக்கத்தில் உன் எழுத்து இல்லை. அத்தையின் கோணல் எழுத்தில் "ரெண்டு நாளுது".

சற்று முன் அத்தையிடம் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கி யாரு போயி பாத்தா, நான் எழுதறதுக்கு? சைபர் போட்டுருந்தா அவுரு எழுந்து வந்து திட்டுவாரு."

அந்த நாளுக்கும் என் புரோகிராம் பூஜ்யம் போட்டிருக்கிறது, மாமா. நீ பார்க்காமல் ஏமாற்றிய நாட்கள் என்று பேராசிரியர் கொடுத்திருக்கும் பட்டியலில் அதுவும் இருக்கிறது. உன்னை வாசலில் கிடத்தியிருந்த நாள். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷனை எழுத முடியுமா? அந்த வாக்கியத்தை அத்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லவேண்டி வந்தால் எந்த முகத்தோடு சொல்வேன்?

இனி நான் செய்யப்போவது:

1. மதியப் பஸ்ஸில் இறங்குகிறேன். நோட்டுகள் உன் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும். யாருக்குச் சந்தேகமோ அவர் மலையேறி வந்து பார்க்கட்டும்.

2. புரோகிராமைத் திருத்துவேன். காலி என்றால் பார்க்கவில்லை, மறுநாள் அளவு என்றால் இரண்டு நாளுக்கும் சேர்த்து. ஏழு வருஷத்தையும் முதலிலிருந்து ஓட்டுவேன்.

3. தப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் தலைவரிடம் கொடுப்பேன். அதன் நகலையும் இந்தக் கடிதத்தையும் கம்ப்யூட்டர் அறைச் சுவரில், என் சிவப்பு மைத் தாளுக்குக் கீழே ஒட்டுவேன். வேலை போனால் அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

4. உன் மழையைப் பேராசிரியர் பெயருக்கு மாற்ற மாட்டேன். புது விண்ணப்பம் எழுதியாகிவிட்டது. பெயர்: வள்ளி. பதவி: மழை பார்ப்பவர். தலைவர் கையெழுத்துப் போடுமுன் இந்தத் தடவை நானே உரக்கப் படித்துக் காட்டுவேன். ஏழு வருஷம் பார்த்தவர் குப்பன் என்று அதன் முதல் வரியிலேயே இருக்கும்.

5. நாற்பத்தொன்றாவது கட்டம் காலியாகவே அச்சாகும். நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் அதில் எந்த மெஷினும் பூஜ்யம் போடாது. இது உனக்குச் சத்தியம்.

பெண் இல்லாத மாமனுக்கு வாய்த்த மாப்பிள்ளை,
செல்வராசு