கூவிய பேடு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

சிவப்புப் பேட்டுக்கோழி முட்டையிட்டு இன்றோடு மூன்று கிழமை, இருபத்தொரு நாள். கடைசியாக இட்ட இரண்டும் தோல்முட்டை. விரல் வைக்க அமுங்கின. முட்டைக்கோதை நொறுக்கித் தீனில் கலந்து பார்த்தேன். பயனில்லை. அதற்கும் வயதாகிறது போல.

பெப்ரவரி 23

கொண்டை தடித்துச் சிவந்திருக்கிறது. தீன் போட்டால், தான் தின்னாமல், குரல் கொடுத்து மற்ற இரண்டு பேடுகளையும் கூப்பிடுகிறது. சேவல் செய்கிற வேலை.

ஞானாம்பிகையக்கா இதைக் கட்டாயம் கண்டிருப்பா. வேலிக்கு அந்தப் பக்கம் அவ சமைக்கிற குசினி, இந்தப் பக்கம் என் கிணறு. கொடியில் என்ன காய்கிறது, யார் வந்து போகிறார்கள், எல்லாம் அவவுக்குத் தெரியும். தனியாக இருக்கும் எனக்கு அது இன்னும் எரிச்சல். அந்தப் பக்கத்து யன்னலை நான் திறப்பதேயில்லை.

மார்ச் 4

விடிய ஐந்தரைக்குக் கூவியது. கரகரத்து, பாதியில் முறிந்த கூவல். தேத்தண்ணிக் கோப்பையோடு போய்ப் பார்த்தேன். சந்தேகமில்லை, பேடுதான்.

மார்ச் 5

ஞானாம்பிகையக்கா வேலியடியில் காத்து நின்றா.

"ரீச்சர், பேடு கூவினால் வீட்டுக்குக் கூடாது. இண்டைக்கே அறுத்துப்போடும். உமக்கு ஏலாதெண்டால் எங்கடை மனுசனை அனுப்புறன்."

வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். பேட்டுக்கு இடப்பக்கச் சூலகம் ஒன்றுதான் வேலை செய்யும். அது நோயில் கெட்டால் முட்டை நிற்கும், ஆண் ஓமோன் கூடும், கொண்டை வளரும், சிலது கூவும். சகுனம் இல்லை, நோய் வருத்தம்.

அவ விடவில்லை. "அப்ப உது வருத்தத்தைச் சொல்லித்தானே கூவுது? நானும் உதைத்தானே சொல்லுறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ சிரிக்கவில்லை.

"கோழிக்கு உவ்வளவு பாக்கிறீர். நீர் ஏன் மாதத்திலை ரெண்டு மூண்டு தரம் விடியமுன்னம் தலையிலை தோயுறீர்? கார்த்திகையிலை இருந்து பாக்கிறன். முகமும் வெளிறிப்போச்சு."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மாதவிலக்கு முடிந்தால் விடியமுன் கிணற்றடியில் தலையில் தோய்ந்து குளிப்பது அம்மா பழக்கியது. நம்பிக்கை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அதைப் போய் எண்ணியிருக்கிறா.

மார்ச் 6

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என்ரை கிணத்தடியைப் பாத்துக் கணக்கெடுக்க இவ ஆர்? எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இந்த வயசிலை முன்னைப் பின்னைத்தான் வரும். எல்லாருக்கும் அப்பிடித்தானே?

எல்லாருக்குமா? பார்த்தேனா? கேட்டேனா? கோழியின் சூலகத்துக்காக இரண்டு புத்தகம் புரட்டினேன். எனக்காக அரை நாள் லீவு போடவில்லை. ஒரு மாணவி இப்படி முடிவு எழுதியிருந்தால் பக்கத்தில் சிவப்புப் பேனையால் "ஆதாரம்?" என்று கேட்டிருப்பேன்.

மார்ச் 11

பஸ் ஏறிச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கான். உள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காத்திருக்க வேண்டும்.

பேடு இன்றும் கூவியது.

ஏப்ரல் 2

முடிவு வந்தது. கர்ப்பப்பையின் உட்சுவரில் கெட்ட மாற்றம் தொடங்கியிருக்கிறது. இன்னும் புற்றுநோயாகவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும்.

"நேரத்தோடை வந்திட்டியள். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தால் நாங்கள் வேறை கதை கதைச்சிருப்பம்," என்றார் டொக்டர். யார் அனுப்பியது என்று கேட்டார்.

பக்கத்து வீடு என்றேன்.

ஏப்ரல் 3

நானாக வேலியடிக்குப் போனது இதுதான் முதல் தரம். சொன்னேன். ஞானாம்பிகையக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. பிறகு, "நீர் ஆஸ்பத்திரியிலை கிடக்க, கோழியளை ஆர் பாக்கிறது?"

"அதை அறுக்கச் சொன்னனீங்கள்தானே, அக்கா."

"விசர்க்கதை கதையாமல் கொண்டாரும் இங்கை."

நன்றி சொல்ல வாய் எடுத்தேன். அதற்குப் பதில் கோழித்தீன் எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 22

நாளை சத்திரசிகிச்சை. பயம். எழுத வேறொன்றும் இல்லை.

மே 1

வீட்டுக்கு வந்து மூன்று நாள். நிமிர்ந்து நடக்க இன்னும் இழுக்கிறது. எடுத்ததையும் பரிசோதித்துவிட்டார்கள்; புற்றுநோயில்லை. இந்த ஒரு சொல்லை எத்தனை தரம் வாசித்துவிட்டேன்.

மத்தியானம் ஞானாம்பிகையக்கா மூடிய சட்டியோடு வந்தா. மிளகும் உள்ளியும் மணந்தது. நான் மூடியைத் தூக்கி ஐமிச்சத்தோடு பார்த்தேன்.

"பயப்பிடாதையும். உது மீன்."

சிரிக்கத் தையல் நொந்தது. அப்படியும் சிரித்தேன். நன்றியையும் சொல்லிவிட்டேன், சட்டியைப் பார்த்துக்கொண்டு. "சாப்பிடும், ஆறப்போகுது" என்றா.

மே 14

காலையில் குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் செபநாயகம் பக்கத்து வீட்டுப் படலை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். சரியாக அந்த நேரம் பார்த்து, இன்னும் அங்கேயே நிற்கிற என் பேடு கூவியது.

"என்னக்கா, உது பேடெல்லோ? பேடு கூவுதோ?"

"உமக்கு மீனைத்தான் தெரியும். உது சேவல்."

"சேவலோ? வாலைப் பாத்தால்..."

"ஓம், சேவல். நீர் மீனை நிறும்."

இருபத்து மூன்று வருடமாக உயிரியல் படிப்பிக்கிறேன். வேலிப் பக்கத்து யன்னல் திறந்துதான் இருந்தது. நான் திருத்தவில்லை.