நடுக்கூடத்து உத்திரம்

மேற்குத் தாம்பரம்
30-10-1988

அன்பு மகள் கனகவல்லிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமென்று நாலு வரி பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். மஸ்கட்டிலிருந்து நீ போட்ட கடிதம் பதினோரு நாள் கழித்து வந்தது. ஏழாம் மாதம் முடிவதற்குள் விமானம் ஏறிவிடு, அப்புறம் ஏற்ற மாட்டார்கள் என்று எதிர்வீட்டு டாக்டரம்மா சொல்கிறார். கால் வீங்கினால் உப்பைக் குறை, பிடிவாதம் பிடிக்காதே. வீட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்று, உட்கார்ந்து எழ உனக்குச் சிரமம் இருக்காது. அடுக்களையில் நின்று சமைக்க மேடை கட்டிக் கடப்பைக்கல் பதித்தாயிற்று. மாடிப்படிக் கைப்பிடியில் எழுபத்தாறு வருஷமாக அடித்த பெயிண்டையெல்லாம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே நல்ல பர்மா தேக்கு, இதை மறைத்து யார் பச்சை பெயிண்ட் அடித்தார்களோ, அவர்களைச் சொல்ல வேண்டும்.

நடுக்கூடத்தில்தான் ஒரு சங்கதி நடந்துவிட்டது, பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. கூடத்தை இரண்டாக்கி நிற்கும் பாகப்பிரிவினைச் சுவர், அந்தப் பக்கம் உன் பெரியப்பா, இந்தப் பக்கம் நாம், உனக்கு ஏழு வயசிலிருந்து தெரிந்த சுவர்தான். புது ஒயரிங்குக்காக மேஸ்திரி சவுரிமுத்து ஏணி போட்டு ஏறி, சுவரும் உத்திரமும் சேருகிற இடத்தில் பூச்சைக் கொத்தினவர் என்னைக் கூப்பிட்டு, இன்னாம்மா இது, உத்திரத்த ரம்பம் வெச்சு ரெண்டா அறுத்துக்கீறாங்க, மொனையெல்லாம் செல்லு அரிச்சுக் கீது, இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது, ரெண்டு வூட்டு மாடியும் ஒண்ணா கீழ வந்துடும் என்றார். அந்தக் கூடத்தில்தானே உனக்குக் கட்டில் போடுவதாக இருந்தேன்.

அறுத்த கதை உனக்குத் தெரியாது, நாங்களும் சொன்னதில்லை. தாத்தா காலமான வருஷம் பாகம் பிரித்தபோது, சுவர் மேலே மாடித் தளம் வரைக்கும் போக உத்திரம் குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக் கட்டலாம் என்று அப்போதிருந்த மேஸ்திரி சொன்னார். பாதி என்றால் உத்திரத்திலும் பாதி என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டுமே, ஒரு பக்கம் இழுக்க அப்பா ஆள் வைத்தார், மறுபக்கத்துக்குப் பெரியப்பா ஆள் அனுப்பினார். இரண்டு படித்த மனுஷர்கள், தலைக்கு மேலே இருக்கிற பாரத்தை நினைக்காமல் அளந்து அளந்து அறுக்க வைத்தார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு பத்தொன்பது வருஷம் நின்றது. நானும் யோக்கியமில்லை கனகு. தனி அடுப்பு வந்ததே என்று அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பின்னால் எத்தனையோ நாள் அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இரும்பு கர்டர் போட வேண்டும், அதற்குச் சுவரை இடித்தாக வேண்டும், கர்டர் ஏறியபின் வேண்டுமானால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். பெரியப்பாவிடம் யார் கேட்பது? உன் அப்பா மேஸ்திரியைப் போகச் சொன்னார், அண்ணன் தம்பி பேசாம நா இன்னாத்த போய் பேசறது சார் என்று அவர் நழுவிவிட்டார். கடைசியில் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வாசலுக்கு நானே போனேன். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குழந்தை எப்ப வருது என்று மட்டும் கேட்டார். குழந்தை என்றது உன்னைத்தான். மறுநாளே அவர் பக்கத்துச் சாமான்களை ஒழிக்க ஆரம்பித்துவிட்டார்.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறையில்தான் இப்போது இரண்டு குடும்பமும். பெரியம்மாவும் நானும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம், அவர் குழம்பில் இன்னும் அதே புளிப்பு. அண்ணனும் தம்பியும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் படிப்பார்கள், தாள் மாற்ற வேண்டுமென்றால் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். கர்டர் ஏற்றி வந்த லாரி ஆயுதபூஜைக் கூட்டத்தில் பெருங்களத்தூரிலேயே அரைநாள் நின்றுவிட்டது. மறுநாள் சங்கிலி கட்டித் தூக்கும்போது உன் அப்பா மேலே பார்த்தபடி அதன் அடியிலேயே போய் நின்றார். சங்கிலி ஒரு தடவை வழுக்கியது. டேய் மூர்த்தி, தள்ளிப் போடா என்று பெரியப்பா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அப்பா தள்ளி நின்று, சரிண்ணா என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் அழுதேன்.

சுவர் நின்ற இடத்தில் ஒன்பது அங்குல அகலத்துக்குப் பழைய சிவப்புத் தரை புதுசு மாதிரியே இருக்கிறது. சுவரைத் திரும்ப எங்கே எழுப்புவது, அதே இடத்திலா என்று மேஸ்திரி கேட்டு நாலு நாளாயிற்று. அப்பா வாயைத் திறக்கவில்லை, பெரியப்பாவும் திறக்கவில்லை, செங்கல் மட்டும் வாசலில் வந்து இறங்கிவிட்டது. மறுபடியும் எழும்பிவிட்டால் இவர்கள் ஆயுசுக்கும் அவ்வளவுதான். நேற்று ஜன்னல் கிரில் பற்றவைக்க வந்த வெல்டரைப் பெரியப்பா கூப்பிட்டு, ஸ்டூல் மேல் ஏற்றி, கர்டரில் சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு இரும்பு வளையம் பற்றவைக்கச் சொன்னார். எதற்கு என்று வெல்டர் கேட்டதற்கு, தூளி கட்ட என்றார். தூளி ஆட இரண்டு பக்கமும் இடம் வேண்டுமே, இனி அங்கே சுவர் எங்கே எழுப்புவது? எல்லோரும் போன பிறகு உன் அப்பா ஸ்டூலில் ஏறி, அந்த வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார்.

கன்னியம்மன் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுசு. பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உன் கல்யாணத்துக்கு நாம் பத்திரிகை வைக்கவில்லை. மறந்துவிடாதே.

உன் அம்மா,
தையல்நாயகி