ஊசிக்கும் லீவு விட்டவருக்கு

அண்ணா,

இன்று மாலை என் மகன் ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் பொரியும் கடலையும் போட்ட பை. சட்டையில் சந்தனமும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்று மட்டும் வீட்டுக்குள் வரும் வாசனை அது. சட்டையை வாங்கித் துவைக்கப் போட மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. தெருமுனையில் பேசினால் அடுக்களையில் கேட்கும் குரல் உங்களுடையது. அது எப்படி ஒரேயடியாக நின்றுபோகும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தொண்ணூற்றொன்றில் எங்கள் கலைச்செல்விக்கு ஏழு வயது. ரத்தத்தில் புற்று என்று சொல்லி மெட்ராஸில் பிள்ளைகள் வார்டில் சேர்த்திருந்தோம். அவள் அப்பாவுக்கு மறைமலை நகர் பக்கம் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் வேலை. வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை, அதனால் அவர் ஷிஃப்ட் முடித்துத்தான் வருவார். நான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தேன். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள், குழந்தையின் தலைமாட்டிலேயே நின்று அழுவார்கள், பழத்தையும் அழுகையையும் எங்களிடம் விட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் போனபிறகு கலை போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

கலையின் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த நீங்கள் வந்தது வேறு மாதிரி. வார்டு வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"இன்னாமா, மூஞ்சி இப்டி கீது? போ, போய் தலைக்கு ஊத்திக்கினு வா. அதுவரிக்கும் நான் இங்கதான் குந்திகினு இருப்பேன்."

நான் தயங்கினேன். அவளை விட்டு அங்கே இங்கே நகர்ந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நீங்கள் அதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டீர்கள். மருந்துக்கு முடியெல்லாம் கொட்டி, துண்டால் தலையை மறைத்துக்கொண்டு கிடந்தவளிடம், "ஏன்டா கண்ணு, மாமாவுக்கு சொல்லாமயே மொட்ட போட்டுகினியா? திருப்பதியா, வேளாங்கண்ணியா?" என்று கேட்டீர்கள். எனக்குப் பக்கென்றது. அவள் துண்டை விலக்கி உங்களைப் பார்த்தாள். "ரெண்டும் இல்ல மாமா, ஆஸ்பத்திரி மொட்ட" என்று சொல்லிச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் அழுததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண் சிவந்து வந்தவளிடம், "சோப்பு கண்ணுல பூட்ச்சா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அதன்பிறகு வார விடுமுறை தோறும் வந்தீர்கள். கலைக்கு என்று வந்தவர் பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மாமா ஆனீர்கள். பாட்டுப் பாடினீர்கள். பாடினீர்கள் என்று மரியாதைக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் பாட்டைக் கேட்டு ஒரு பிள்ளை வாந்தி வருகிறது என்று நடித்ததும், மற்றதுகள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டதும், நீங்கள் அதற்காகவே இன்னும் மோசமாகப் பாடியதும் நினைவிருக்கிறதா? தாய்மார்களையும் விட்டுவைக்கவில்லை நீங்கள். ஒருத்தியைச் சாப்பிட அனுப்புவீர்கள், ஒருத்தியைத் தூங்க வைப்பீர்கள், ஒருத்தியின் மாமியாரைப் பற்றிக் கேட்டு அவளைத் திட்டித் தீர்க்க வைப்பீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் நீங்கள். ஆனால் ஃபவுண்டரியில் வாழைக்கன்று கட்டுவதிலிருந்து பூசணிக்காய் உடைப்பதுவரை உங்களை மிஞ்ச ஆளில்லை என்று கலையின் அப்பா சொல்லுவார். அந்த வருஷம் காலையில் கம்பெனி பூஜையில் தலையைக் காட்டிவிட்டு, கலர் பேப்பரும் பொரியும் சந்தனமும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டீர்கள். பூசணிக்காய் மட்டும் வேண்டாம் என்று நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழத்துக்குச் சம்மதித்தார். ஓட்டை விழுந்த ட்ரே, ஓடாத பி.பி. மெஷின், வளைந்த டிரிப் ஸ்டாண்ட், காலி சிரிஞ்சு என்று அவர் ஒதுக்கிக் கொடுத்த சாமான்களுக்கெல்லாம் பிள்ளைகள் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். எதைப் பார்த்தால் அலறுவார்களோ அதையே மடியில் வைத்துத் துடைத்தார்கள். அன்றைக்கு வார்டில் அழுகைச் சத்தமே இல்லை.

அங்கேதான் நீங்கள் ஒரு வேலை செய்தீர்கள். கம்பெனியில் பேசுகிற மாதிரியே நடுவில் நின்று, "இன்னிக்கி மெஷினுக்கெல்லாம் லீவு. பூஜையில வச்சத நாளைக்கித்தான் எடுக்கணும். எவனும் கை வைக்கக் கூடாது" என்று அறிவித்தீர்கள்.

"ஊசிக்குமா மாமா?" என்று கேட்டாள் கலை.

"ஊசிக்குந்தான்!" என்றீர்கள், பேச்சு வந்த வேகத்தில்.

வார்டு கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. உங்களுக்கும் ஒரே சந்தோஷம். நடக்கப்போவது உங்களுக்குத் தோன்றவே இல்லை.

சற்று நேரத்தில் நர்ஸம்மா ட்ரேயோடு வந்தார். முதல் கட்டில் கலையுடையது. அன்றைய மருந்தை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். கலை கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஊசிக்கு இன்னிக்கி லீவு. மாமா சொன்னாரு." மற்ற பிள்ளைகளும் கையை ஒளித்துக்கொண்டார்கள். நர்ஸம்மா உங்களைப் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் எரிந்தே போயிருப்பேன்.

"ஏங்க, பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?"

நான் கெஞ்சினேன், அதட்டினேன். பிடித்து அழுத்திப் போட்டுவிடலாம் என்று ஆயாம்மா கிட்டே வந்தார். கலை யாரையும் பார்க்கவில்லை, உங்களை மட்டும் பார்த்தாள். மருந்து ஏறவில்லை என்றால் என் பிள்ளை என்ன ஆவாள் என்று பயந்தேன். ஏறினாலும், பெரியவர்கள் எல்லாரும் பொய் சொல்லுவார்கள் என்று அவள் திரும்பவும் போர்வைக்குள் போய்விடுவாளோ என்றும் இருந்தது.

நீங்கள் ஆயாம்மாவை நிறுத்தினீர்கள். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"மாமா தப்பா சொல்லிட்டேன்டா கண்ணு. எங்க கம்பெனில பர்னஸ்னு ஒண்ணு கீது. இரும்ப காச்சற அடுப்பு. எல்லா மெஷினும் நிக்கும், அது மட்டும் நிக்காது. அணைஞ்சா உள்ள கீற இரும்பு கல்லாப்பூடும், அப்பறம் அந்த பர்னஸே காலி. அதனால ஓட்டத்துலயே அதுக்கு பொட்டு வச்சி பூஜ போடுவோம். உன் மருந்து அந்த மாரி. அத சொல்ல மறந்துட்டேன்."

கலை யோசித்தாள். "அங்க நிக்கிறவங்களுக்கு பயமா இருக்காதா?"

"இருக்கும். அதனாலதான் ஒருத்தன தனியா உடமாட்டோம். ரெண்டு ரெண்டு பேராத்தான் நிப்போம்."

"அப்ப நீங்க எங்கூட நில்லுங்க."

போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. அவளே சந்தனத்தைத் தொட்டு முழங்கைக்குக் கீழே ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். நர்ஸம்மா அதை அழிக்காமல், கொஞ்சம் தள்ளி இடம் தேடி ஊசியைப் போட்டார். கலை உங்கள் விரலை இறுக்கிப் பிடித்தாள், அழவில்லை. முடிந்ததும், "பர்னஸ்ல நிக்கிறவங்களுக்குத்தான் மொதல் பொரி" என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டு, ஒரு கை அள்ளி நர்ஸம்மாவுக்கு நீட்டினாள். அந்தக் கறார் பேர்வழி வாங்கித் தின்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கேயும் நீங்கள் எழுந்து போய் நின்றீர்கள். அதற்கடுத்த கட்டிலிலும்.

தை பிறக்கும் முன் கலை போய்விட்டாள். அவள் பிழைத்திருந்தால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் அவளுடைய கடைசி மாதங்களில் சிரிப்பு இருந்தது. அதைக் கொடுத்தது நீங்கள். நன்றி என்ற சொல்லை நீங்கள் இருந்தபோது சொல்லியிருந்தால், "இன்னாமா பெரிய வார்த்த எல்லாம் பேசற" என்று விரட்டியிருப்பீர்கள். இப்போது விரட்ட முடியாது. நன்றி அண்ணா.

அவள் போனபிறகு ஊரில் யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. எங்களுக்கு வலிக்கும் என்று நினைத்தார்கள், நல்ல மனசுதான். நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். அவள் அப்பாகூட வாய் திறக்கவில்லை. நீங்கள்தான் வீட்டுக்குள் வந்ததும், "கலை இருந்தா இந்நேரம் இன்னா சொல்லியிருப்பா தெரியுமா?" என்று ஆரம்பிப்பீர்கள். முதல் தடவை அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த தடவை உட்கார்ந்து கேட்டார். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் கழித்து மகன் பிறந்தான். கம்பெனி பூஜைக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். சூப்பர்வைசர் வீட்டம்மா, "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். "ஒரே பையன்" என்றேன். பக்கத்தில் நின்ற நீங்கள் குரலைத் தாழ்த்தி, ஆமாம், உங்களுக்குக் குரலைத் தாழ்த்தவும் தெரிந்திருந்தது, "ரெண்டும்மா. மூத்தது பொண்ணு. பேரு கலைச்செல்வி" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீடு வந்து சேரும்போது கோபம் போய், எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

போன மாதம் மகனுக்குப் பெண் பார்க்க பென்னலூர் பக்கம் போயிருந்தோம். பெண்ணின் அம்மா, "ஒரே பையனா உங்களுக்கு?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"இல்லீங்க, இவன் ரெண்டாவது. மூத்தது பொண்ணு."

"அப்டிங்களா! பொண்ண எங்க குடுத்துகிறீங்க?"

"எங்கியும் குடுக்கல. ஏழு வயசுலயே பூட்டா."

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. தட்டோடு நின்ற பெண் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க பேரு இன்னா அத்த?" என்றாள்.

சொன்னேன். அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கலை அக்கா எப்டி இருப்பாங்க?" என்று கேட்டாள்.