ஐந்தாவது எச்சரிக்கை

நிலவின் தென்துருவம், ஆய்வாளர் அறை
பதிவு செய்பவர்: உளவியலாளர் மங்கையர்க்கரசி

நாள் 41, காலை 8.10

எல்லாம் ஒழுங்கு. பின்னால் யார் படித்தாலும் புரியட்டும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குடில்கள், ஒவ்வொன்றிலும் இருவர். கிழக்குக் குடிலுக்கு அவ்வப்போது பொய் எச்சரிக்கை தருவேன். அங்குள்ள மீட்டர்களையும் இங்கிருந்தே ஏற்றி இறக்கிக் காட்டுவேன். மேற்குக் குடிலுக்கு ஒன்றும் கிடையாது, அது ஒப்பிட்டுப் பார்க்க. பலமுறை ஏமாந்தவர்கள் ஆபத்து வந்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. ஏமாற்றுவோம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். என் குரல் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும், முகம் தெரியாது.

இன்று நான்காவது எச்சரிக்கை. "ஆய்வு முடிந்தது, இது நிஜம், வெளியே வாருங்கள்." கிழக்கில் பெர்க்மான்ஸும் சுல்தானாவும் சந்தோஷமாகப் பெட்டி கட்டினார்கள். அதுவும் பொய் என்று பிறகு சொன்னேன். என் சொந்த யோசனை இது. ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

நாள் 44, பகல் 1.20

பெர்க்மான்ஸ் தூத்துக்குடிக்காரர். பதறாதவருக்கு நிரந்தரத் தளத்தில் வேலை கிடைக்கும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. எதைக் கேட்டாலும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்கிறார். தரவு கெடுகிறது. எரிச்சலாக வருகிறது.

நாள் 46, காலை 10.05

கரியமில வாயு ஏறுகிறது, இரண்டு குடிலிலும். நான் எதையும் தொடவில்லை. காற்று வடிகட்டிகள் உறிஞ்சி வைத்ததைத் திருப்பித் தள்ளுகின்றன. மாற்று வடிகட்டிகளும் அதே தொகுப்பில் வந்தவை. இது நிஜம். இரண்டு பக்கமும் ஒரே வாக்கியம் சொன்னேன்: "உடனே வெளியேறுங்கள்."

10.20

மேற்குக் குடில் காலி. இருவரும் வண்டியில் இறங்குதளத்துக்குப் போகிறார்கள். கிழக்கில் பெர்க்மான்ஸ் டீ போடுகிறார்.

"டாக்டர், இது அஞ்சாவது. மீட்டர நல்லா ஏத்திருக்கீய."

இவ்வளவு சுத்தமான முடிவு எனக்கு இதுவரை வந்ததில்லை. எனக்கு இது வேண்டாம்.

10.35

ஆய்வு முடிந்தது என்றேன். "அத நாலாந்தடவையே சொல்லிட்டீயளே" என்று சிரித்தார். அம்மா மேல் சத்தியம் செய்தேன். "சத்தியம் புதுசு டாக்டர், எழுதிக்கிடுதேன்."

சுல்தானாவுக்குத் தலைவலி. விண்வெளி உடையை எடுக்க எழுந்தார். "உக்காரும்மா, வேல போயிரும்" என்றார் பெர்க்மான்ஸ். உட்கார்ந்துவிட்டார்.

10.50

சுல்தானா சரிந்துவிட்டார். கேமராவில் தெரிகிறது.

"இவ உங்க ஆளுதானே டாக்டர்? நடிக்கதுக்குன்னே அனுப்பிருக்கீய."

இல்லை. என் ஆய்வில் அப்படி யாரும் இல்லை. எத்தனை முறை சொல்வேன்? ஆய்வாளர் குடிலுக்குள் போகக் கூடாது என்பது விதி. விதி நாசமாகப் போகட்டும். உடை போடாதவரைக் காற்றோடு உள்ளே வைத்து இழுக்கும் மீட்புப் பை இரண்டு எடுத்துக்கொண்டேன். இனிமேல் குரல் பதிவுதான்.

11.15

சுல்தானாவைப் பைக்குள் வைத்து என் வண்டியில் சேர்த்துவிட்டேன். மூச்சு இருக்கிறது. ஒரே நேரத்தில் இருவரையும் இழுக்க என்னால் முடியவில்லை. பெர்க்மான்ஸ் நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார். "இவ்வளவு சின்னப் பிள்ளையா டாக்டர் நீங்க?" கண் செருகிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்ததும் உள்ளிருந்து தாழ் போட்டுவிட்டார். அதை வெளியிலிருந்து திறக்க வழியில்லை.

11.24

கதவைக் குத்துகிறேன். வானொலியில் அவர் குரல். தினமும் நான் கேட்கும் கேள்விகளை அவரே வாசித்து அவரே பதில் சொல்கிறார்.

"தூக்கம்... பத்துக்கு ஒம்பது. பதற்றம், பத்துக்கு ஒண்ணு. ஒண்ணுதான், எழுதிக்கோங்க. வேல எனக்குத்தானே டாக்டர்?"

ஆமாம், உங்களுக்குத்தான், கதவைத் திறங்கள் என்று கத்தினேன். பொய்தான். இந்தப் பொய்யையாவது நம்புங்கள்.

"கடேசிக் கேள்வி. ஆய்வாளர எந்த அளவு நம்புதீய? பத்துக்கு..."

11.31

பதில் வரவில்லை. கேள்வித்தாளில் அந்தக் கட்டம் காலி.

பெர்க்மான்ஸ். அண்ணாச்சி. கேட்கிறதா? எந்த எண்ணாக இருந்தாலும் சரி. பூஜ்யம் என்றாவது சொல்லுங்கள்.