நான் மாற்றிச் சொன்ன செய்திகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், என் காதுகள் மட்டும் சௌக்கியமில்லை. நீயும் அம்மாவும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு அவசியமே வைக்காமல் நீ குளியலறையிலிருந்து நாலு தடவை, அம்மா பால்கனியிலிருந்து மூன்று தடவை என்று தினமும் தெரிவித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, விமானத்தில் ஒரு பகல் முழுக்கப் பறந்து வர வேண்டிய தூரத்தில் இருக்கிற என் மூலமாகப் பேசிக்கொள்கிற தாயையும் மகளையும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போனில் என்னை ஒரு வாக்கியம் முடிக்க இருவருமே விடுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். இதை நீ தனியாகப் படிக்கக் கூடாது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக, ஒரு வரி விடாமல் படி. நடுவில் குழந்தை அழுதால் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். விடியற்காலையில் ரயில் ஓட்டப் போகிற மனிதர், களைப்பு இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் இருவரும் குரலை உயர்த்தியதும் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறாராமே, ஒரு வீட்டில் அவ்வளவு குப்பை எங்கிருந்து வரும் என்று நான் கேட்டதாகச் சொல்.

என் நிலைமையைக் கொஞ்சம் கேள். செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வங்கி அதிகாரிக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கின்மேல் சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவின் போன். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் நீ வெப்பமானியை விட்டுப் பார்க்கிறாயாம், தன் முழங்கையை நம்பமாட்டேன் என்கிறாயாம், அந்த முழங்கையால் பார்த்துத்தான் உன்னையே குளிப்பாட்டி ஆளாக்கினாளாம். அவள் வைத்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, நீ. அம்மா கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறாள், குழந்தையின் தோல் சிவந்துவிட்டது என்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து அந்த அதிகாரியிடம், தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்பதற்குப் பதிலாக, சூடு சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அவர் ஃபிரேமைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் போனால் மூன்று வேளையும் நானே பொரித்துக்கொள்கிற முட்டைதான். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்க நினைக்கிறேன், ஆனால் பேச்சு அதற்குள் வேறு எங்கோ போய்விடுகிறது. பன்னிரண்டு நாளாக அழுக்குச் சட்டைகள் நாற்காலியில் குவிந்து கிடக்கின்றன.

இப்போது பால் பாட்டில் விஷயம். அதில் யார்மேல் தப்பு என்று நீங்கள் இருவரும் தனித்தனியாக என்னிடம் தீர்ப்பு கேட்டீர்கள். கேளுங்கள், இரண்டு பேர்மேலும்தான். உனக்கு வேலை குடிநீர் நிலையத்துப் பரிசோதனைக்கூடத்தில். தண்ணீரை எடுத்த நேரத்தைப் புட்டியின்மேல் எழுதி ஒட்டுவது உன் கைப்பழக்கம். எடுத்து வைத்த தாய்ப்பாலுக்கும் அதே மாதிரி, காலை ஆறு, காலை ஒன்பது என்று எழுதி ஒட்டி வரிசையாகக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டாய். அம்மாவும் ஒன்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவள். அவர்கள் இடத்தில், எந்த நேரத்துக்குள் சோதித்து முடிக்க வேண்டுமோ அந்த நேரத்தைத்தான் எழுதுவார்கள். மத்தியானம் குளிர்பெட்டியைத் திறந்தவள் காலை ஆறு என்று பார்த்தாள், கெடு தாண்டிவிட்டது என்று முடிவுகட்டி நாலு பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். வேலைக்குப் போகிற முதல் நாளுக்கென்று நீ மூன்று நாளாகச் சேர்த்த பால். நீ சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுததை இருவருமே சொன்னீர்கள். அதில் மட்டும் இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது. உலகத்தில் எந்த வீட்டிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா? ஒழுங்கு தெரியாதவர்கள் இருக்கிற வீட்டில் நடக்கவே நடக்காது. இரண்டு பேருக்கும் அளவுக்கு மிஞ்சி ஒழுங்கு தெரிந்ததால் வந்த வினை. எடுத்தது இந்த நேரம், கொடுத்து முடிக்க வேண்டியது இந்த நேரம் என்று இரண்டையும் எழுதி ஒட்டுங்கள், முடிந்தது. இதற்கு ஒரு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்குமேல் எழுதப்போவது உங்கள் தப்பு இல்லை, என் தப்பு. நீங்கள் சொல்வதை நான் ஒருபோதும் அப்படியே போய்ச் சொன்னதில்லை. சண்டை வேண்டாமே என்று பூசி மெழுகித்தான் சொன்னேன். பால் கொட்டிய அன்று நீ, பாட்டிலைத் தொடவே வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாய். அதை எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கி, அம்மாவிடம், நீ ஓய்வெடுத்துக்கொள், குழந்தை வேலையை எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாளாம் என்று சொல்லிவைத்தேன். கோபம் வராது என்று நினைத்தேன். கோபம் வரவில்லைதான். தன்னால் இனிப் பிரயோசனமில்லை என்று மகள் நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் அவள், திங்கட்கிழமை நீ வேலைக்குப் போயே தீர வேண்டும், அதில் பேச்சே கிடையாது என்று சொல்லச் சொன்னாள். இப்படிச் சொன்னால் உனக்கு அதிகாரம் மாதிரித் தோன்றுமே என்று, அவசரமில்லை, உன் வசதிப்படி போனால் போதும் என்கிறாள் அம்மா என்று சொன்னேன். நீ சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நல்லவேளை, சமாளித்துவிட்டோம் என்று நான் ஒரு ஃபிரேமுக்குத் திருகு போட உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று நீ போன் பண்ணி, திங்கட்கிழமை போகப்போவதில்லை, பிரிவுத் தலைவர் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி மேலதிகாரிக்கு எழுதிவிடப் போகிறேன் என்றாய். அந்தப் பொறுப்புக்காக எத்தனை வருஷம் உழைத்தாய். உனக்காகவே ஐந்து மாதம் அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குமேல் ஒரு நாள்கூட வைக்கமாட்டோம் என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீடு மாறினாய், இன்னும் பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் நடையில் கிடக்கின்றன, அரைத் தூக்கம்தான் தூங்குகிறாய், இதையெல்லாம் சொல்லியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். நீ சொன்னது என்ன? "என்னால ரெண்டையும் பாக்க முடியாதுன்னு அம்மாவே நினைக்கிறாங்க. அவங்களுக்கே நம்பிக்கை இல்லாதப்ப நான் எப்படிப்பா போறது?" அம்மா அப்படி நினைக்கவே இல்லை, கண்ணு. அது நான் பூசிய பூச்சு.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவந்தேன், குழந்தை அழுகிறது என்று நீ வைத்துவிட்டாய். இன்று காலையில் அம்மா பேசினாள். பால்கனியில் நின்று அழுதிருக்கிறாள், குரலே சரியில்லை. இந்த ஒன்றையாவது மாற்றாமல் எழுதுகிறேன். "நான் விட்ட மாதிரி அவ வேலையை விட்டுடக் கூடாதுன்னுதாங்க நான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்ப என்னாலயே விடறேங்கிறாளே." இதுதான் அவள் சொன்னது. இதை உடனே உனக்குச் சொல்லியிருந்தால் எல்லாம் அப்போதே தீர்ந்திருக்கும். காலையிலிருந்து மூன்று தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். ஏனென்றால் இதைச் சொன்னால், அம்மா ஏன் விட்டாள் என்று நீ கேட்பாய்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உனக்கு ஐந்து மாதம் ஆனபோது அம்மாவின் விடுப்பு முடிந்தது. அவள் நுண்ணோக்கியில் ரத்த அணுக்களை எண்ணிச் சொன்னால் மருத்துவர்கள் மறுபடி பார்க்கமாட்டார்கள், அவ்வளவு பேர் வாங்கியவள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஆறு மாதத்துக்கு நான் காலையில் உன்னைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் கடைக்குப் போய் இரவு மூடும்வரை இருந்தால், அவள் காலை வேலை நேரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்துவிடுவாள். எந்த நேரம் யார் என்ன செய்வது என்று ஒரு தாளில் கோடு போட்டே காட்டினாள். கடை முதலாளியைக் கேட்கிறேன் என்று போனேன். மறுநாள் வந்து, முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அந்த வாரமே அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் திரும்பப் போய்க் கேட்டாள், எண்ணுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் முதலாளியைக் கேட்கவே இல்லை. பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கடையில் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன். அவளுக்கும் வீட்டில் இருப்பது பிடித்துப்போய்விடும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். முப்பத்தோரு வருஷமாக அம்மா முதலாளியிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். தான் என்ன குற்றம் செய்தோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒரு குற்றமும் செய்யவில்லை. இதை நீ சத்தமாகப் படிக்கும்போதுதான் அம்மாவே முதன்முதலாகக் கேட்கிறாள். படிப்பதை நிறுத்தாதே.

இன்று மத்தியானம் முதலாளியிடம் போனேன். எழுபத்தெட்டு வயசாகிறது, இன்னும் கல்லாவில் அவர்தான் உட்காருகிறார். மகளுக்குத் துணையாக இருக்க மூன்று மாதம் விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். கேட்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவர் கையிலிருந்த பில்லைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போயிட்டு வாங்க. இதுக்கா இப்படி வேர்க்குது? நீங்க கேட்டு நான் என்னிக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா?" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை வந்து சேருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று, ஆனால் அம்மா கேட்ட டிக்கெட் இல்லை, என்னுடையது. பாட்டில் கழுவுவதும் நடையிலிருக்கும் பெட்டிகளைப் பிரிப்பதும் என் வேலை. தண்ணீரின் சூட்டைப் பற்றி எனக்குக் கருத்துக் கிடையாது. திங்கட்கிழமை காலை நீ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போக வேண்டும். மேலதிகாரிக்கு எழுதியதை அனுப்பாதே, அனுப்பியிருந்தால் இப்போதே கூப்பிட்டு வேண்டாமென்று சொல். நீயும் பேரக் குழந்தையும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் எல்லா நலமும் பெற்றிருக்க என் ஆசிகள். அம்மாவை ஆசீர்வதிக்கிற தகுதி எனக்கு இல்லை. இதைக் கேட்டுவிட்டு அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும், கண்ணு, நீ அதை எனக்கு வந்து சொல்லாதே. குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அவள் வாயாலேயே நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா