தனுஷிகாவின் கூட்டெழுத்து

பொகவந்தலாவை
12.02.2024

அன்புள்ள நிஷாந்திக்கு,

உங்கள் மகள் தனுஷிகாவின் வகுப்பு டீச்சர் சுதர்ஷினி எழுதுகிறேன். நீங்கள் குவைத்திலிருந்து போனில் கோல் எடுத்தால் பிள்ளை ஓடி ஒளிகிறாள் என்று அவளை வளர்க்கும் அத்தை வீரம்மா கவலைப்பட்டார். அதனால்தான் இந்த யோசனை.

மூன்றாம் ஆண்டுக்கு ஆங்கிலக் கூட்டெழுத்து தொடங்கியிருக்கிறேன். கையை எடுக்காமல் எழுத்துகளைச் சேர்த்து எழுத வேண்டும். தனுஷிகா தாள் கிழியுமளவுக்கு அழுத்துகிறாள். "கையைத் தளர்த்தும்மா" என்றால், "விட்டா ஓடிரும் டீச்சர்" என்கிறாள். அவளுடைய முதல் கூட்டெழுத்துக் கடிதத்தை உங்களுக்கே எழுத வைத்தேன். இத்துடன் இருக்கிறது. பதில் போடுங்கள்.

அன்புடன்,
சுதர்ஷினி


குவைத்
09.03.2024

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

வணக்கம். நான் நல்ல சுகம். மகளின் கடிதம் கிடைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆங்கிலம் தனித்தனி எழுத்தாக இருந்தால் ஒரு மாதிரி வாசிப்பேன். இது கொடி மாதிரி ஓடுகிறது. கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்தான் வாசித்துச் சொன்னாள். பல் விழுந்துவிட்டதாம், தோட்டத்து லயவீட்டு நாய் குட்டி போட்டதாம். சிரித்துக்கொண்டே அழுதேன் டீச்சர். அவள் அப்பா இறந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. அந்தக் கையோடு புறப்பட்டு வந்தவள் நான். முளைத்த பல்லைப் பார்த்தேன், விழுந்ததைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் லீவுக்கு அம்மா வருவாள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நிஷாந்தி


பொகவந்தலாவை
02.05.2024

அன்புள்ள நிஷாந்திக்கு,

சொன்னேன். "போன வருசமும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அம்மா உயரமா, கட்டையா டீச்சர்?" என்று கேட்டாள். நான் உங்களைப் பார்த்ததில்லையே. கட்டாயம் வாருங்கள்.

சுதர்ஷினி


குவைத்
20.07.2024

டீச்சருக்கு,

நான் வேலை செய்யும் வீட்டு மேடத்துக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. லீவு இல்லை என்றுவிட்டார்கள். இரவும் பகலும் அந்தக் குழந்தை என் தோளில்தான். மகளிடம் எப்படிச் சொல்வீர்களோ, உங்களுக்குத்தான் தெரியும்.

நிஷாந்தி


பொகவந்தலாவை
28.09.2024

அன்புள்ள நிஷாந்திக்கு,

இதை எழுத இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சிறுவர் தினத்துக்காக, அம்மாமாருக்கு வாழ்த்து அட்டை எழுதச் சொன்னேன். தனுஷிகாவுடையதுதான் வகுப்பிலேயே அழகு. 'என் அம்மா வீரம்மாவுக்கு' என்று எழுதியிருந்தாள்.

"உங்க அம்மா பேர் நிஷாந்தி இல்லையா?" என்றேன்.

"அவங்க குவைத் அம்மா. இது எங்க அம்மா."

பிள்ளையை அழைத்துப் போக வந்த வீரம்மா அட்டையை வாங்கவில்லை. "எந்தம்பி பொஞ்சாதி அங்கன கெடந்து கஷ்டப்படுது. அது பேர நான் எடுக்கவா?" என்று அழுதுவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் பிழையாக எழுதிவிட்டதாக நினைத்து, அழிறப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்கிறாள். உங்களைக் கேட்காமல் அவளிடம் எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுதர்ஷினி


குவைத்
17.10.2024

அன்புள்ள டீச்சருக்கு,

திருத்தச் சொல்ல வேண்டாம். பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். காய்ச்சலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு ஓடியது வீரம்மா அண்ணி. தலை வாரிவிடுவது அண்ணி. நான் கோலில் சத்தம் மட்டும்தான்.

அட்டையைப் பிள்ளை கையாலேயே கொடுக்க வையுங்கள். "வாங்கிக்கங்க, நிஷாந்திதான் சொல்லுச்சு" என்று சொல்லுங்கள். வாங்கிக்கொள்வார்.

வருகிற பெப்ரவரியில் ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவேன். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அந்தா அம்மா" என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் டீச்சர். அவளாக என்ன சொல்லிக் கூப்பிடுகிறாளோ, அதற்குத் திரும்பிப் பார்க்கிறேன்.

நிஷாந்தி