சித்தப்பா குட்டையில் நம் மண்

அன்புள்ள மகனுக்கு,

நானும் உன் தங்கையும் இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் தகவல் வந்திருக்கும். போனில் பேசினால் அப்புறம் கூப்பிடறேம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் கொட்டிய மழையில், மேட்டு நிலத்தில் விதைத்த சோளம் மண்ணோடு போய்விட்டது. தூரமாகவும் போகவில்லை, கீழே உன் சித்தப்பா நிலத்துக் குட்டையில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குட்டை அரசாங்க உதவியில் வெட்டியது. பார்வையிட வந்த அதிகாரிகள், எவ்வளவு மண்ணைக் காப்பாத்தியிருக்கார் பாருங்க என்று அவரைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். காப்பாற்றியது நம் மண்ணை! அவரைக் குறை சொல்ல மாட்டேன், கையெழுத்து கேட்டார்கள், அன்றைக்கே போட்டார், வேலை நடந்தது. நம் நிலத்துக்கும்தான் ஒரு அதிகாரிப் பெண் வந்து, சரிவைப் பார்த்து, முளையெல்லாம் அடித்துவிட்டுப் போனாள். குறுக்கே கரை போட்டா மண்ணு நிக்கும், செலவுல பெரும்பங்கு அரசாங்கம் பார்த்துக்கும், ஓனர் கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்கம்மா என்றாள். ஓனர்! அப்பா போனதும் பிள்ளைதானே என்று நானும் உன் தங்கையும் எழுதிக் கொடுத்தோமே, அந்த ஓனர். கையெழுத்துத் தாளை உன் தங்கை போட்டோ எடுத்து அனுப்பியதும் நீ என்ன கேட்டாய்? கரையைப் பத்து வருஷம் கலைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே, நடுவுல வித்தா என்ன பண்றது என்று கேட்டாய். அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. விற்கிற எண்ணம் இருந்தால் நேராகச் சொல்லியிருக்கலாம், வக்கீல் பார்க்கணும் வக்கீல் பார்க்கணும் என்று இழுத்தடித்தாயே, அதுதான் வயிற்றெரிச்சல். உன் வக்கீல் பார்த்து முடிப்பதற்குள் இங்கே பாறை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. உங்க மண்ணுதானே அண்ணி, அள்ளிக்கிட்டுப் போங்க என்றார் சித்தப்பா. நானும் உன் தங்கையும் கூடையில் அள்ளி மேலே கொட்டுகிறோம். அடுத்த மழையில் அது மறுபடி அங்கேதான் போகும் என்று தெரியும், தெரிந்தும் அள்ளுகிறோம், பைத்தியம்தான்.

குழந்தையை ஏசிக்கு நேராகப் படுக்க வைக்காதே, சளி பிடிக்கும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. எல்லோரும் நூறாண்டு நன்றாக இருங்கள், கோபத்திலும் வாய் அதைத்தான் சொல்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். மனமில்லை என்றால் அடுத்த மழைக்கு முன்னால் விற்றுவிடு, வாங்குகிறவனாவது கையெழுத்துப் போடுவான். அப்புறம் அம்மா எங்கே போவாள் என்று நீ யோசிக்க வேண்டாம், இதுவரைக்கும் யோசித்தாயா என்ன.

இப்படிக்கு,
உன் அம்மா